யார் கேட்டாலும் சொல்லாத சங்கம்

சுள்ளிப்பாளையத்துக்காரர்களை முட்டாள்கள் என்று யாராவது சொன்னால் எனக்குக் கெட்ட கோபம் வரும். சொன்னதைச் சொன்னபடி செய்கிறவனுக்கு முட்டாள் என்று பேர் வைத்தால், சொன்னவனுக்கு என்ன பேர் வைப்பது? முதலில் நடந்ததைக் கேளுங்கள். சிரிப்பதா வேண்டாமா என்பதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

சுள்ளிப்பாளையத்தில் ஒரு பால் கூட்டுறவுச் சங்கம் இருக்கிறது. எந்தக் காலத்திலோ யாரோ பாலில் தண்ணீர் கலந்துவிட்டார்களாம். அன்றிலிருந்து அங்கே ஒரு வழக்கம்: ஒருத்தர் செய்தால் ஒருத்தர் சாட்சி நிற்க வேண்டும். மாராத்தாள் பாலை அளப்பாள். தலைவர் நாச்சிமுத்து அதைப் பார்ப்பார். தலைவர் ஒழுங்காகப் பார்க்கிறாரா என்று செயலாளர் சென்னியப்பன் பார்ப்பார். செயலாளரைக் கம்ப்யூட்டர் அடிக்கும் ஆறுச்சாமி பார்ப்பான். ஆறுச்சாமியைப் பார்க்க ஆள் மிச்சமில்லாததால், மாராத்தாள் அளப்பதை நிறுத்திவிட்டு அவனைப் பார்ப்பாள். அதனால் அங்கே பால் ஊற்றக் கொஞ்சம் நேரமாகும். ஆனால் கலப்படம் கிடையாது.

பால் வண்டி தினமும் காலையில் வரும். சங்கத்துச் சர்வரிலிருந்து அனுப்புச் சீட்டு எடுத்துக் கொடுத்தால்தான் டிரைவர் சுலைமான் பாலை ஏற்றுவார். சீட்டு இல்லாமல் ஏற்கெனவே இரண்டு தடவை வண்டி காலியாகத் திரும்பியிருந்தது. முதல் தடவை கரண்ட் இல்லை. இரண்டாம் தடவை கரண்ட் இருந்தது. ஆனால் ‘மின்சாரத்தைச் சேமிப்பீர்’ என்று சுவரில் ஒட்டியிருந்ததைத் தலைவர் அன்றைக்குத்தான் படித்தார்.

மூன்றாம் தடவையும் இப்படி ஆனால் சங்கத்தை வெள்ளக்கல்மேட்டுச் சங்கத்தோடு சேர்த்துவிடுவோம் என்று மேலிடத்திலிருந்து கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள். வெள்ளக்கல்மேட்டுச் செயலாளர் வேறு யாருமில்லை, சென்னியப்பன் மனைவியின் அண்ணன் கருப்பண்ணன். கல்யாணப் பந்தியில் எல்லார் இலைக்கும் அப்பளம் வைத்துக்கொண்டே வந்து, மாப்பிள்ளை இலையை மட்டும் தாண்டிப் போன ஆள். அந்த ஆளுக்குக் கீழே உட்கார்ந்து பால் கணக்கு எழுதுவதைவிட, மாட்டுக்குப் பதிலாகத் தானே தொழுவத்தில் நின்றுகொள்ளலாம் என்று சென்னியப்பன் வாய்விட்டே சொன்னார்.

இந்த நேரம் பார்த்து மேலிடத்திலிருந்து இன்னொரு உத்தரவு வந்தது. எல்லாச் சங்கத்துச் சர்வரிலும் ஒரு காவல் மாடியூலைப் போட வேண்டும். உள்ளே வருவது யார் என்று அது கேட்கும்; சரியான ஆளை மட்டும் உள்ளே விடும். எப்படிப் போடுவது என்று கணினிப் பிரிவு சாருலதா போனில் சொல்வாள்.

“காவலுக்கு ஆள் வர்றதெல்லாம் சரிதான். சாப்பாடு யார் போடறது?” என்றார் தலைவர்.

“ஆள் இல்லீங்க, அது புரோகிராமுங்க” என்றான் ஆறுச்சாமி.

“புரோகிராம்னா நடத்தறவங்களுக்குச் சாப்பாடு போடோணுமல்ல?” என்றாள் மாராத்தாள். அதையும் தனியாகக் குறித்துக்கொண்டார்கள்.

சாருலதா பொறுமையான பெண். “அண்ணா, கறுப்புத் திரையைத் திறந்துட்டீங்களா? இனிமே நான் சொல்றதை ஒரு எழுத்து விடாம அப்படியே அடிங்க” என்றாள்.

ஆறுச்சாமி டைப்ரைட்டிங்கில் ஹையர் பாஸானவன். சொன்னது சொன்னபடி விழுந்தது. ‘அண்ணா ஒரு நிமிஷம் இருங்க குக்கர் விசில் அடிக்குது’ என்று அடித்து என்டர் தட்டினான். கட்டளை காணப்படவில்லை என்று இங்கிலீஷில் பதில் வந்தது.

“என்னப்பா சொல்லுது?”

“ஏதோ ஒரு கட்டளையைக் காணோமாமுங்க.”

தலைவர் முகம் இருண்டுபோனது. சங்கத்தில் ஒரு பொருள் காணாமல் போவதென்றால் சும்மாவா? மேசைக்கு அடியில் தேடினார்கள். பீரோவை நகர்த்தித் தேடினார்கள். மாராத்தாள் கேன்களைக் கவிழ்த்துப் பார்த்தாள். சாருலதா மறுபடி பேச வந்தபோது சென்னியப்பன் பரணில் இருந்தார்.

“சார், எதைத் தேடறீங்க?”

“உங்க கட்டளையைத்தானுங்க அம்முணி. பயப்படாதீங்க, வெளி ஆள் யாரும் உள்ள வரலை. இங்கதான் எங்கியாச்சும் இருக்கும்.”

அவள் போய்க் குக்கரையே அணைத்துவிட்டு வந்து, அடிக்க வேண்டியது எது, சும்மா பேசுவது எது என்று பிரித்துப் பிரித்துச் சொன்னாள். ஆறுச்சாமி அடித்தான். மாடியூல் இறங்க ஆரம்பித்தது. பாதியில் நின்று ஒரு கேள்வி கேட்டது: தொடரலாமா? ஆமாம் என்றால் ‘ஒய்’, இல்லை என்றால் ‘என்’.

“ஒய் அடிங்க அண்ணா” என்றாள் சாருலதா.

“அவன் எப்படிங்க அடிப்பான்? தொடரலாமா வேண்டாமாங்கறது சங்கம் முடிவு பண்றதல்லவா?” என்றார் தலைவர். உடனே அவசரக் கூட்டம் கூட்டப்பட்டது. நாலு பேரும் இருந்த இடத்திலேயே எழுந்து நின்று மறுபடி உட்கார்ந்தார்கள், கூட்டம் ஆரம்பமாகிவிட்டது. மூன்று பேர் கை தூக்கினார்கள்.

“நான் எதிர்க்கறனுங்க. எல்லாரும் ஒரே மாதிரி கை தூக்கினா மேல இருக்கறவங்க சந்தேகப்படுவாங்க” என்றாள் மாராத்தாள்.

நல்ல யோசனை என்று அவளைப் பாராட்டி, அதற்கும் ஒரு தீர்மானம் போட்டார்கள். ஆறுச்சாமி ஓட்டு விழுந்தபடியே மூன்று ‘ஒய்’யும் ஒரு ‘என்’னும் அடித்தான். மெஷின் ஏற்கவில்லை, மறுபடியும் அதையே கேட்டது.

“மறு எண்ணிக்கை கேக்குதுங்க” என்றான் ஆறுச்சாமி. மறுபடி எண்ணினார்கள். அப்போதும் அதே மூன்றுக்கு ஒன்று. கடைசியில் சாருலதா குரல் கம்ம, “மாராத்தாக்கா, எனக்காக ஒரே ஒரு தடவை ஒத்துக்குங்கக்கா” என்று கெஞ்சிய பிறகுதான் மாடியூல் உள்ளே போய் உட்கார்ந்தது.

அடுத்தது கடவுச்சொல். “சார், இதை நீங்கதான் வைக்கணும்” என்று சென்னியப்பனிடம் சொன்னாள். “உங்களுக்கு மறக்கவே மறக்காத மாதிரி இருக்கணும். நடுவுல ஒரு எண் வரணும். நீங்க அடிக்கறப்ப யாரும் பாக்கக் கூடாது.”

இங்கேதான் பெரிய சிக்கல் வந்தது. செயலாளர் செய்கிற வேலைக்குச் சாட்சி வேண்டும். சாட்சி என்றால் பார்க்க வேண்டும். பார்க்கக் கூடாது என்றால் சாட்சிக்கு எங்கே போவது?

“பாக்கலைங்கறதுக்குச் சாட்சி நிக்கலாமுங்களே” என்றான் ஆறுச்சாமி. அவனை இங்கிலீஷ் படிக்க வைத்தது வீண்போகவில்லை என்று தலைவர் நெகிழ்ந்துபோனார். மூன்று பேரும் முதுகைக் காட்டிக்கொண்டு வரிசையாக நின்றார்கள். சென்னியப்பன் மெஷின் முன்னால் உட்கார்ந்து, மறக்கவே மறக்காத விஷயம் எது என்று கண்ணை மூடி யோசித்தார். யோசிக்கவே தேவை இருக்கவில்லை. இங்கிலீஷ் எழுத்தைத் தேடித் தேடி ஒற்றை விரலால் குத்தினார்.

“அம்முணி, ஒரு எழுத்துகூட விழுகலீங்க.”

“திரையில காட்டாதுங்க சார். பக்கத்துல இருக்கறவங்க பாத்துடக் கூடாதுன்னுதான்.”

“பக்கத்துல யாரும் பாக்கலீங்களே. பாக்கலைங்கறதுக்கு மூணு சாட்சி நிக்குது.”

“உங்களுக்கும் காட்டாதுங்க.”

சென்னியப்பனுக்கு உடம்பு சிலிர்த்தது. தான் அடிப்பதைத் தனக்கே காட்டாத மெஷின்! இப்படி ஒரு யோக்கியமான உருப்படியைச் சங்கம் பார்த்ததில்லை. எழுந்து நின்று மறுபடி அதையே அடித்தார். மெஷின் ஏற்றுக்கொண்டது.

“கடைசியா ஒண்ணு” என்றாள் சாருலதா. “இதை யார் கேட்டாலும் சொல்லாதீங்க. வீட்டுல கேட்டாலும், மேலிடத்துல இருந்து கேட்டாலும், ஏன், நானே போன் பண்ணிக் கேட்டாலும் சொல்லாதீங்க. எழுதியும் காட்டாதீங்க. சரிங்களா?”

“சத்தியமாச் சொல்ல மாட்டனுங்க” என்று சென்னியப்பன் பாலின்மேல் அடித்துச் சத்தியம் செய்தார். பால் சட்டையெல்லாம் தெறித்தது.

மறுநாள் காலை. பால் ஊற்றி முடித்து, பார்த்து முடித்து, கேன்கள் வாசலில் வரிசையாக நின்றன. வண்டியும் வந்துவிட்டது. சென்னியப்பன் சர்வர் முன்னால் உட்கார்ந்தார். சாட்சிகள் முதுகைக் காட்டினார்கள். உள்ளே போகும் கட்டளையை அடித்தார். மெஷின் கேட்டது: கடவுச்சொல்?

சென்னியப்பன் கையைக் கட்டிக்கொண்டார்.

“ஆச்சுங்களா?” என்றார் தலைவர், சுவரைப் பார்த்தபடி.

“கேக்குதுங்க.”

“என்ன கேக்குது?”

“கடவுச்சொல்லைத்தானுங்க. எங்கிட்டயேங்க!”

“அட அநியாயமே! நேத்துத்தான் சேர்ந்துச்சு, இன்னைக்கே புத்தியைக் காட்டுது பாருங்க” என்றாள் மாராத்தாள். “சொல்லிப்போடாதீங்க.”

“சொல்லுவனா? யார் கேட்டாலும் சொல்லக் கூடாதுன்னு அம்முணி படிச்சுப் படிச்சுச் சொல்லிச்சு.”

கொஞ்ச நேரம் காத்துப் பார்த்த மெஷின் தானே அடங்கிவிட்டது. மறுபடி கட்டளையை அடித்தார். மறுபடி கேட்டது. “எத்தனை தடவை கேட்டாலும் எங்காளு வாயைத் திறக்க மாட்டார்” என்று தலைவர் சுவரைப் பார்த்தபடியே மெஷினிடம் பெருமையாகச் சொன்னார். வாசலில் சுலைமான் ஹாரன் அடித்தார். வெயில் ஏறிக்கொண்டிருந்தது.

அந்த நேரத்தில் கருப்பண்ணன் மொபெட்டில் வந்து இறங்கினார். தங்கச்சிக்கு முருங்கைக்காய் கொண்டுவந்தேன் என்றார். முருங்கைக்காயை மொபெட்டிலேயே விட்டுவிட்டு நேராகச் சர்வர் அறைக்கு வந்தார்.

“என்ன மாப்ள, வண்டி நிக்குது? சீட்டு எடுக்கலையா?”

“எடுத்துட்டே இருக்கறமுங்க மச்சான்” என்றார் சென்னியப்பன். வண்டி இன்றைக்குக் காலியாகப் போனால் நாற்காலி போச்சு. வாயைத் திறந்தால் சத்தியம் போச்சு. பெரிய மனுஷன் மாதிரி கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாலும் அவருக்கு அழுகை வந்தது. இதை அவரே என்னிடம் சொன்னார்.

ஆறுச்சாமி சாருலதாவைக் கூப்பிட்டான். அவள் விஷயத்தைக் கேட்டுவிட்டுப் பதறினாள். “ஐயோ சார், மெஷின்ல அடிக்கலாங்க! அடிக்கறதுக்குத்தானே வச்சோம்! தயவுசெஞ்சு அடிங்க!”

சென்னியப்பன் போனைக் கையால் பொத்திக்கொண்டு மற்றவர்களைப் பார்த்தார். “நானே போன் பண்ணிக் கேட்டாலும் சொல்லாதீங்கன்னு சொல்லிச்சல்ல? அதே மாதிரி கேக்குது பாருங்க. சோதிக்குது.” பிறகு போனில், “அம்முணி, நீங்க கெட்டிக்காரிங்க. ஆனா நாங்க ஏமாற மாட்டமுங்க” என்று சொல்லி வைத்துவிட்டார். அவள் திரும்பத் திரும்பக் கூப்பிட்டாள். எடுக்கவில்லை. திரும்பத் திரும்பக் கேட்கிறவர்களைத்தான் முக்கியமாக நம்பக் கூடாதாம்.

சுலைமான் உள்ளே தலையை நீட்டினார். “பாய் சொல்றேன்னு தப்பா நினைக்காதீங்க. நான் அடுத்து வெள்ளக்கல்மேட்டுக்குப் போகணும். இன்னும் கொஞ்ச நேரம் பாப்பேன், அப்புறம் கிளம்பிருவேன்.”

இதைக் கேட்டதும் கருப்பண்ணன் முகம் ஏனோ வெளுத்தது. நம்மவர்கள் கவனிக்கவில்லை.

இப்போது ஆறுச்சாமிக்குத்தான் அந்தப் பொறி தட்டியது. “ஏனுங்க, யார் கேட்டாலும் சொல்லக் கூடாதுன்னுதானே சொன்னாங்க? கேக்கறதுக்கு முன்னாடியே சொல்லிப்போட்டா?”

தலைவர் அந்த வாக்கியத்தை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். எந்தப் பக்கம் பார்த்தாலும் சரியாக இருந்தது. சத்தியத்துக்கும் பங்கமில்லை, நாற்காலிக்கும் பங்கமில்லை. சென்னியப்பன் ஆறுச்சாமியைக் கட்டிப்பிடித்துக்கொண்டார்.

உள்ளே போகும் கட்டளையை அடித்தால்தானே அது கேட்கும்? அதை அடிக்காமல், கேள்வியே இல்லாத வெறும் திரையில், அது சுதாரிப்பதற்குள் சென்னியப்பன் கடவுச்சொல்லை மளமளவென்று குத்தி என்டர் தட்டினார்.

கேள்வி கேட்கிறபோதுதான் மெஷின் எழுத்தை மறைக்கும். கேட்காதபோது எதற்கு மறைக்கப் போகிறது? அத்தனை எழுத்தும் பளிச்சென்று திரையில் விழுந்தன. சாட்சிகள் முதுகைக் காட்டிக்கொண்டிருந்ததால் பார்க்கவில்லை. கருப்பண்ணன் சாட்சி இல்லையே, அவர் திரைக்கு நேராகத்தான் நின்றிருந்தார். எழுத்துக் கூட்டி உரக்கப் படித்தார்.

“கருப்பண்ணன், ஒண்ணு, கழுதை.”

நடுவில் ஒரு எண் வர வேண்டும் என்று சாருலதா சொன்னாள் அல்லவா? கருப்பண்ணன் ஒரு கழுதை என்பதில் அந்த ‘ஒரு’வை எண்ணாகப் போட்டிருந்தார் சென்னியப்பன். அதற்குக் கீழேயே மெஷினின் பதிலும் வந்திருந்தது: ‘கருப்பண்ணன்1கழுதை’ காணப்படவில்லை.

கருப்பண்ணன் மீசையைத் தடவிக்கொண்டார். “பாத்தீங்களா மாப்ள? எல்லா இடத்துலயும் தேடிப் பாத்துட்டு, அப்படி ஒண்ணும் இல்லைன்னு மெஷினே சொல்லுது.”

சென்னியப்பன் தலையைக் குனிந்துகொண்டார். வாசலில் சுலைமான் வண்டியைக் கிளப்பும் சத்தம் கேட்டது. போச்சு, எல்லாம் போச்சு என்று நினைத்தார். அப்போது கருப்பண்ணன், “நகருங்க” என்று சொல்லி அவரை எழுப்பிவிட்டு, தானே நாற்காலியில் உட்கார்ந்தார். உள்ளே போகும் கட்டளையை அடித்தார். மெஷின் கேட்டது. கருப்பண்ணன் யாருக்கும் எந்தச் சத்தியமும் செய்து கொடுத்திருக்கவில்லை. தான் ஒரு கழுதை என்பதை எழுத்துப் பிசகாமல் அடித்து என்டர் தட்டினார்.

கதவு திறந்ததுபோல மெஷின் விலகி வழிவிட்டது. சீட்டு சரசரவென்று வெளியே வந்தது. தலைவர் சீட்டோடு வாசலுக்கு ஓடினார். பால் ஏறியது.

சந்தோஷத்தில் சென்னியப்பனுக்கு எங்கே வாயை வைப்பதென்று தெரியவில்லை. “மச்சான், அடிச்சப்ப ஏத்துக்கிச்சு பாத்தீங்களா?” என்று கேட்டுவிட்டார். உடனே நாக்கைக் கடித்துக்கொண்டு, “இருந்தாலும் எதுக்குங்க மச்சான் இந்த உதவி?” என்றார்.

கருப்பண்ணன் அவரைத் தனியாக ஓரத்துக்குக் கூட்டிப் போனார். “மாப்ள, விடிஞ்சதுல இருந்து எங்க சங்கத்துலயும் அந்த மெஷின் கேட்டுட்டே இருக்குது. நானும் சொல்லலை. நீங்க எப்படிச் சமாளிக்கறீங்கன்னு பாத்துட்டுப் போலாம்னுதான் வந்தேன். நீங்க ஒரு எட்டு வந்து எங்களுக்கு அடிச்சுக் குடுக்கோணும்.”

“அதுக்கென்னங்க, வர்றேன். உங்க கடவுச்சொல் என்னங்க?”

“அதை எப்படி மாப்ள சொல்றது? யார் கேட்டாலும் சொல்லக் கூடாதே.”

“அதுவும் சரிதானுங்க” என்று சொல்லிவிட்டு, சென்னியப்பன் முருங்கைக்காய்க் கட்டை மடியில் வைத்துக்கொண்டு மொபெட்டின் பின்னால் ஏறினார்.

வெள்ளக்கல்மேட்டில் சாட்சிகள் எல்லாரும் முதுகைக் காட்டி நின்றார்கள். மெஷின் கேட்டது. மச்சான் என்ன வைத்திருப்பார் என்று சென்னியப்பன் அதிகம் யோசிக்கவில்லை. ‘சென்னியப்பன்1கழுதை’ என்று அடித்தார். தப்பு என்றது. பக்கத்தில் நின்ற கருப்பண்ணனை ஏறிட்டுப் பார்த்தார். கருப்பண்ணன் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். சென்னியப்பன் ஒன்றை எடுத்துவிட்டு இரண்டைப் போட்டார். திறந்துவிட்டது.

“ரெண்டா மச்சான்?” என்றார்.

“கல்யாணத்துக்கு முந்தி உங்களை ஒரு கழுதையாத்தான் நெனச்சுட்டு இருந்தேன்” என்றார் கருப்பண்ணன்.

இரண்டு சங்கமும் பிழைத்துக்கொண்டன. யாரையும் யாரோடும் சேர்க்கவில்லை. இன்றைக்கும் தினமும் காலையில் வாய்க்கால் பாலத்தில் நின்றால் பார்க்கலாம். சுள்ளிப்பாளையத்துச் செயலாளர் வெள்ளக்கல்மேட்டுக்குப் போய்க்கொண்டிருப்பார். வெள்ளக்கல்மேட்டுச் செயலாளர் சுள்ளிப்பாளையத்துக்கு வந்துகொண்டிருப்பார். தன் ஊர் மெஷினிடம் வாயைத் திறக்க முடியாத இரண்டு பேரும், அடுத்த ஊர் மெஷினிடம் போய்த் தான் கழுதை என்று ஒப்புக்கொண்டு, சீட்டு எடுத்துக் கொடுத்துவிட்டுத் திரும்புகிறார்கள். கடவுச்சொல்லைக் காப்பதில் முதலிடம் என்று மேலிடம் இரண்டு சங்கத்துக்கும் கேடயம் கொடுத்திருக்கிறது. சாருலதா மட்டும் வேறு பிரிவுக்கு மாற்றல் வாங்கிக்கொண்டாளாம்.

கடவுச்சொல்லை அவ்வப்போது மாற்ற வேண்டும் என்று ஓர் உத்தரவு இருக்கிறது. அதையும் ஒழுங்காகத்தான் செய்கிறார்கள். பேரையும் கழுதையையும் தொடுவதில்லை, எண்ணை மட்டும் ஏற்றிக்கொண்டே போகிறார்கள். கடைசியாக நான் விசாரித்தபோது கருப்பண்ணன் பதினொன்று, சென்னியப்பன் பன்னிரண்டு.

இதெல்லாம் உனக்கு எப்படித் தெரியும் என்கிறீர்களா? யார் கேட்டாலும் சொல்ல மாட்டேன்.